‘குமாஸ்தா இலக்கியம்’ என்னும் ஏளனம்

சிற்றிதழ் எழுத்தாளர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் கூட்டங்களில் தவறாமல் கேட்கும் குரல் ஒன்றுண்டு. “பகலெல்லாம் கோப்பு பார்த்துவிட்டு மாலையில் பொழுது போகாமல் எழுதுகிறவர்கள்தாமே இவர்கள்? இது வெறும் குமாஸ்தா இலக்கியம்” என்பதே அக்குரல். அதைச் சொல்பவர் பெரும்பாலும் தாமே மாதச் சம்பளம் வாங்குபவராக இருப்பார் என்பதுதான் வேடிக்கை. பிழைப்பின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வேர்விட்டிருக்கும் நாம், இந்த ஏளனத்தை மறுப்பின்றிக் கேட்டுக்கொண்டிருப்பது முறையன்று.

முதலில் ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். சிற்றிதழ் பொதுவாக எழுதுபவருக்குப் பணம் தருவதில்லை. பல வேளைகளில் எழுதுபவரே சந்தா கட்டி, நண்பர்களிடமும் சந்தா திரட்டித் தந்து அதனை உயிரோடு வைத்திருப்பார். அப்படியாயின் அவர் எதை உண்டு எழுதுவது? எழுத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களின் கதையை நாம் அறியாதவர்களல்லோம். 1933-இல் தொடங்கிய ‘மணிக்கொடி’யில் ஒளிவிட்ட புதுமைப்பித்தன் பி.ஏ. பட்டம் பெற்றவர். பத்திரிகை அலுவலகங்களில் உழைத்தார். பின்னர் திரைப்படத்தை நம்பிப் புணே வரை சென்றார். காசநோயோடு திரும்பி 1948-இல், தமது 42-ஆம் வயதில் மறைந்தார். ‘எழுத்து’ இதழை 1959 முதல் 1970 வரை நடத்திய சி.சு. செல்லப்பா, தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். அவருடைய ‘சுதந்திர தாகம்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001-இல். அவர் மறைந்ததோ 1998-இல். இந்தத் தியாகங்களை மேடையில் போற்றிக் கண்கலங்குவோர், அதே கதி தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் நேராதபடி ஒரு வேலையைப் பற்றிக்கொண்டு எழுதியவரைப் பார்த்து நகைப்பது என்ன நியாயம்?

இனி, நம்மைப் போலவே தமிழ்நாட்டுக்கு வெளியே தொழில் செய்தவர்களின் வரிசையைப் பார்ப்போம். ‘கணையாழி’ 1965-இல் டில்லியில் பிறந்தது. அதைத் தொடங்கிய கி. கஸ்தூரிரங்கன் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் டில்லி அலுவலகத்தில் பணிபுரிந்தவர். பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய தி. ஜானகிராமன், அகில இந்திய வானொலியின் கல்வி ஒலிபரப்பில் சென்னையிலும் பின்னர் டில்லியிலும் பணியாற்றினார். இந்திரா பார்த்தசாரதி டில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். ஆதவன் நேஷனல் புக் டிரஸ்டில் வேலை பார்த்தார். வெங்கட் சாமிநாதன் ஒரிசாவின் ஹிராகுட் அணைக்கட்டில் வேலைக்குச் சேர்ந்து, பின் டில்லியில் மத்திய அரசு ஊழியராக இருந்தார். நாஞ்சில் நாடன் எழுபதுகளின் தொடக்கத்தில் பம்பாய்க்கு வேலை தேடிப் போய், விற்பனைப் பிரதிநிதியாகப் பல ஊர் சுற்றினார். திருவனந்தபுரத்தில் நகுலன் ஆங்கிலப் பேராசிரியர். நீல பத்மநாபன் மின்வாரியப் பொறியாளர்.

இவர்களுக்குச் சோறு போட்ட ஊர்களும் தொழில்களுமே எழுதுபொருளையும் தந்தன. டில்லி அதிகாரக் குடும்பத்தின் வேடங்களை ஆதவன் ‘காகித மலர்க’ளில் காட்டினார். வேலை தேடிப் பம்பாய் சேரும் நாஞ்சில் நாட்டு இளைஞனின் அலைச்சலை நாஞ்சில் நாடன் ‘மிதவை’யில் வரைந்தார். 1968-இல் கீழ்வெண்மணியில் நடந்த கொடுமையைப் பின்னணியாகக் கொண்ட ‘குருதிப்புன’லில், டில்லியிலிருந்து வரும் படித்தவன் ஒருவனைத் தஞ்சை மண்ணில் நிறுத்தினார் இந்திரா பார்த்தசாரதி. ஊரை விட்டு வந்தவனின் குற்ற உணர்வும் ஏக்கமும் தடுமாற்றமும் இந்நூல்களில் உள்ளன. அவை நம் வீட்டுக் கதைகள். அவற்றைக் ‘குமாஸ்தா இலக்கியம்’ என்று தள்ளுபவர் தம் வாழ்வையே எழுதத் தகாதது என்று தள்ளுகிறார்.

மாதச் சம்பளமோ சொந்தத் தொழிலோ மற்றொரு பெரும் நன்மையையும் செய்தது. அது மறுக்கும் உரிமையை வழங்கியது. வாரந்தோறும் ஓர் அத்தியாயம் தந்தாக வேண்டும், வாசகர் விரும்பும் முடிவையே தந்தாக வேண்டும் என்னும் கட்டாயம் இவர்களுக்கு இருக்கவில்லை. சிதம்பரத்தில் அரிசி ஆலை நடத்திய மௌனியால் மிகக் குறைவாக எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடிந்தது. நாகர்கோவிலில் துணிக்கடை நடத்திய சுந்தர ராமசாமியால் ஒரு நாவலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடிந்தது. சந்தைக்கு அஞ்சாத எழுத்து தமிழில் ஓரளவேனும் நிலைத்ததற்கு, முதல் தேதிச் சம்பளமும் கடைக் கல்லாவும் செய்த உதவி சிறிதன்று.

ஆயினும் அந்த ஏளனத்துக்குள் ஓர் உண்மையும் பதுங்கியிருக்கிறது. அதை மறைத்து வாதாடுவது நேர்மையாகாது. அந்தச் சம்பளம் யாருக்குக் கிடைத்தது? கல்லூரி வாசலை முன்னமே மிதித்தவர்களுக்கு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மேல்சாதி ஆண்கள். ஆகவே நெடுங்காலம் சிற்றிதழ்களின் உலகம் குறுகியே இருந்தது. படிப்பும் வேலையும் பரவியபோது எழுத்தும் மாறியது. கூட்டுறவுத்துறை அலுவலரான பூமணி 1979-இல் ‘பிறகு’ நாவலைத் தந்தார். பள்ளி ஆசிரியரான பாமாவின் ‘கருக்கு’ 1992-இலும், மற்றோர் ஆசிரியரான இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இலும் வெளிவந்தன. கோவில்பட்டியில் ஆலைத் தொழிலாளியாக இருந்த சோ. தர்மன் ‘சூல்’ நாவலுக்காக 2019-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். சம்பளமும் இன்றி, வெளியே செல்லும் உரிமையும் இன்றி, பள்ளிப் படிப்பைப் பாதியில் இழந்து வீட்டுக்குள்ளிருந்தே புனைபெயரில் எழுதிய சல்மாவைப் போன்றோரும் உண்டு. எழுதுவதற்கு ஒரு வேலை தேவை என்னும் நமது வாதத்துக்கு அவர் விதிவிலக்கு; ஆனால் அந்த விதிவிலக்கு எத்தனை பெண்களின் எழுதப்படாத ஏடுகளுக்குச் சாட்சி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? ஓர் எழுத்தாளரின் பிறப்பும் படிப்பும் தொழிலும் வம்புப் பேச்சுக்குரியன அல்ல. அவை இலக்கிய வரலாற்றின் பகுதி. ஆனால் நூலின் பின்னட்டைகளையும் விழா அழைப்பிதழ்களையும் பாருங்கள். பெற்ற விருதுகளும் சென்ற நாடுகளும் வரிசையாக இருக்கும். இருபத்தைந்து ஆண்டுகள் எந்த மேசையில் அமர்ந்து எந்த வேலை செய்தார், எந்த நேரத்தைத் திருடி எழுதினார் என்பதைப் பற்றி ஒரு வரி இராது. வேலையைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று எவரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவும் ‘குமாஸ்தா இலக்கியம்’ என்னும் ஏளனமும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

நம் சங்கங்களும் இக்குற்றத்திலிருந்து தப்பவில்லை. ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து திரைக்கவிஞரையும் பட்டிமன்ற நடுவரையும் விமானத்தில் அழைத்து மாலையிடுகிறோம். நமக்குப் பக்கத்துக் குடியிருப்பில் வாழ்ந்து, நாம் ஏறிய பேருந்திலேயே ஏறி, நாம் நின்ற ரேஷன் வரிசையிலேயே நின்று எழுதியவரை, அவருக்கு விருது கிடைத்த செய்தி நாளிதழில் வந்த பிறகே அறிந்துகொள்கிறோம். ஆதவனுக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டது, 1987-இல் அவர் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் மூழ்கி இறந்த பின்னரே. உயிரோடிருந்த காலத்தில் அவருடைய கதைகளைப் படித்த டில்லித் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

நம் பிள்ளைகளை எண்ணும்போது கவலை மேலும் கூடுகிறது. தமிழைப் பேசி, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் தலைமுறை அது. நிரந்தர வேலை அருகி, ஒப்பந்த வேலையும் இரவு நேரப் பணியும் பெருகிவரும் காலம் இது. மாலை ஆறு மணிக்குப் பின் தனக்கென்று ஒரு மேசையும் இரண்டு மணி நேரமும் வாய்க்கப் பெற்ற ஊழியர் இனி எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த நேரம் போனால் அதில் எழுதப்படும் இலக்கியமும் போகும்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உள. குடும்பத்துக்கு ஒரு சிற்றிதழேனும் சந்தா கட்டி வாங்குவோம். சங்க நூலகத்தில் பழைய இதழ்களை எடைக்குப் போடாமல் கட்டடம் செய்து காப்போம். ஆண்டுக்கு ஒரு மாலையையேனும் நம் ஊரில் வாழும் எழுத்தாளருக்கு ஒதுக்கி, அவருடைய தொழிலையும் சேர்த்தே சொல்லி அறிமுகம் செய்வோம். அவ்வேளையில் நம் பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்துவோம். தம் தந்தையையும் தாயையும் போல அலுவலகம் சென்று வரும் ஒருவர் தமிழில் நாவல் எழுதியிருக்கிறார் என்பதை அவர்கள் கண்ணால் காணட்டும்.