துன்பமும் நம்பிக்கையும்

இவ்வுலகிற் பிறந்தார் எவரும் துன்பத்தை அறியாதிருந்ததில்லை. அரசனாயினும் ஆண்டியாயினும், கற்றவனாயினும் கல்லாதவனாயினும், அதன் வாயிலை மிதியாது வாழ்நாளைக் கடந்தார் இலர். ஆதலாலன்றோ திருவள்ளுவர் பொருட்பாலில் இடுக்கணழியாமை என்று ஓரதிகாரமே வகுத்து, இடுக்கண் வந்துழி உள்ளந் தளராது நிற்றலைச் சிறப்பித்துப் போந்தார். வேதாகமத்திலும் யோபுவின் ஆகமம் முழுவதும் ஒரு நல்லான் பட்ட அல்லலைப் பற்றியதே. இவ்வாறு பெரியோர் பலரும் ஆராய்ந்த பொருளை நம் கலாசாலைச் சஞ்சிகையில் எடுத்துரைக்க நாம் துணிந்ததற்கு ஒரு காரணமுண்டு. மாணவப் பருவம் கவலையற்ற பருவம் என்று பலரும் எண்ணுகின்றனர். ஆயினும் தந்தையை இழந்து விடுதிக்கு மீள்பவரும், வீட்டு வறுமையை எவர்க்குங் கூறாது நெஞ்சில் மறைப்பவரும், நோயினாற் கல்வி தடைப்பட்டவரும், பரீட்சையில் தவறி ஊர் திரும்ப அஞ்சுபவரும் நம்மிடையே ஒவ்வோராண்டும் இருக்கின்றனர். கடவுள் அன்புடையவராயின் எனக்கு மட்டும் ஏன் இத்துன்பம் என்ற வினா, ஆலயத்தில் எழுவதினும் விடுதி அறையின் இருளிலேயே மிகுதியாக எழுகின்றது.

இவ்வினாவிற்குக் கிறிஸ்தவ விசுவாசம் யாது கூறுகின்றது? நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். விசுவாசம் துன்பத்திற்குக் காரணங் கற்பிக்க வந்ததன்று. துன்பத்திலிருப்பவனுக்கு ஒரு துணையையும், அத்துன்பத்தினூடே செய்தற்குரிய ஒரு தொண்டையும் அது தருகின்றது. இவ்விரண்டும் உள்ளவிடத்து நம்பிக்கை பிறக்கின்றது. இவை இல்லாதவிடத்து எத்துணை நுட்பமான விளக்கமும் பசித்தவன் முன் வைத்த வெறுங்கலமேயாம்.

இதனைத் தெளிவுறக் காணவேண்டின், நம் சபைகளிலும் இல்லங்களிலும் வேரூன்றிய இரண்டு பிழையான ஆறுதல்களை முதற்கண் களைதல் வேண்டும்.

துன்பமெல்லாம் பாவத்தின் தண்டனையே என்பது முதலாவது பிழை. ஒருவன் நோயுற்றவுடன் அவன் என்ன குற்றஞ் செய்தானோ என்று ஆராயப் புகுவார் பலர். யோபுவின் நண்பர் மூவரும் இதனையே செய்தனர். அவர்கள் தொடக்கத்திற் செய்தது மிகவும் நன்று. ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாது அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவ்வேழு நாளும் அவர்கள் உண்மை நண்பரே. வாய் திறந்த பின்னரே அவனுடைய புண்ணிற் கோலிட்டனர். அவ்வாகமத்தின் முடிவிற் கடவுள் கடிந்துகொண்டது, தம்மைக் குறித்து இத்தகைய நியாயங்களைப் பேசிய அந்நண்பரையே. இயேசு பெருமானிடத்தும் இவ்வினா வந்தது. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர், பாவஞ் செய்தவன் இவனோ, இவனைப் பெற்றோரோ என்று வினவினர். இருவருமல்லர் என்று விடுத்த பெருமான், காரண ஆராய்ச்சியில் நின்றாரல்லர். உடனே சேறுண்டாக்கி அவன் கண்களிற் பூசினார். சீடர் அவனை ஒரு வினாவாகக் கண்டனர். பெருமானோ அவனை ஒரு மனிதனாகக் கண்டார்.

முறையிடுதல் அவிசுவாசம் என்பது இரண்டாவது பிழை. எல்லாம் தேவசித்தம், அழாதே என்று துக்கத்திலிருப்போர் வாயை அடைப்பது நம்மவரிடையே பெருவழக்கு. சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பார்க்கு அதன்கண் உள்ள புலம்பல்கள் எத்துணை என்பது விளங்கும். கெத்செமனே தோட்டத்திற் பெருமான் தாமே வியாகுலமுற்று, அப்பாத்திரம் தம்மை விட்டு நீங்கவேண்டுமென்று மும்முறை வேண்டினார். தேவகுமாரர் வேண்டிய வேண்டுதலை நம்முடைய சகோதரன் வேண்டுவதில் இழுக்கென்னை? கண்ணீரும் ஒருவகைச் செபமே. அதைத் தடுப்பவர் விசுவாசத்தைக் காப்பவராகார்.

நிற்க. துணையும் தொண்டும் என்று நாம் கூறியது ஏட்டளவில் நின்றுவிடும் கொள்கையன்று. நம் தமிழ் நாட்டிலேயே, கொல்லிமலையிலும் வேலூரிலும் அது கண்கூடாக விளங்கிற்று. ஆண்டுகள் பல சென்றனவாயினும் அவ்வரலாற்றை இளைஞர் நினைவுகூர்தல் நலம் பயக்கும்.

ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஆங்கிலப் பாதிரியாரும் அவர் மனைவியார் எவிலினும் 1913ஆம் ஆண்டில் கொல்லிமலையிற் குடியேறி, அம்மலைவாழ் மக்களுக்கு வைத்தியமுங் கல்வியும் அளித்து வந்தனர். 1929ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி கொடிய காய்ச்சலால் மாண்டார். அப்பொழுது அவர் மகன் பால் பதினைந்து வயதினனுங் குறைந்தவனாய் இங்கிலாந்தில் பயின்றுகொண்டிருந்தான். மரணத் தந்தி விரைந்து சென்று சேர்ந்தது. தந்தையின் கையெழுத்துக் கடிதமோ கப்பலில் மெல்லச் சென்று அதற்குப் பின்னரே அவன் கையிற் கிடைத்தது. இறந்தவர் எழுதிய அன்புமொழிகளை அச்சிறுவன் படித்த நிலையை நினைக்குந்தோறும் நெஞ்சம் உருகுகின்றது.

எவிலின் அம்மையார் துக்கத்தில் அழுந்திப்போகவில்லை. கணவர் விட்ட பணியைத் தாம் மேற்கொண்டார். ஓய்வுபெறும் வயது வந்து, சங்கத்தின் கடமை முடிந்த பின்னரும் ஊருக்குத் திரும்பாது, மலைமேலே குடிசையமைத்துத் தங்கிவிட்டார். கொல்லிமலையோடு நில்லாது வேறு மலைகளுக்குஞ் சென்றார். நரம்புச்சிலந்தி என்னும் நோய் நீரின் வழியே பரவுவதைத் தடுக்கக் கிணறுகளைச் சுற்றிக் கற்சுவர் எழுப்புமாறு மலைமக்களுக்குக் கற்பித்தார். முதுமையில் கால் தளர்ந்து கோலூன்றி நடந்தபொழுதும், மட்டக்குதிரையிலேறி ஊரூராய்ச் செல்வதை விட்டாரல்லர். 1974ஆம் ஆண்டில், தொண்ணூற்றைந்து வயதில் இம்மண்ணிலேயே கண்மூடினார். தம் கணவர் ஏன் இறந்தார் என்பதற்கு அவருக்கு விடை கிடைத்ததென்று நாம் கூறவில்லை. செய்தற்குரிய தொண்டு கிடைத்தது, துணையிருந்தவர் கைவிடவில்லை.

தந்தையை இழந்த அம்மகனே, முதலிற் கட்டட வேலையும் தச்சுத்தொழிலும் பயின்று, பின்னர் மருத்துவங் கற்று, 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சஸ்திர வைத்தியராய் வந்த டாக்டர் பால் பிராண்டு ஆவார். அடுத்த ஆண்டில் அவர் செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள தொழுநோய் நிலையத்தைக் காணச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கிப் பறவையின் நகம்போற் சுருண்ட கைகள் பலவற்றைக் கண்டார். ஒரு நோயாளியின் கையைப் பற்றியபோது, அவர் பிடி தம் கையை நசுக்குமளவு வலிமையுற்றிருந்தமை அவருக்கு வியப்பளித்தது. கை சீர்கெட்டதாயினும் அதன்கண் நல்ல தசைகள் இன்னும் உள என்பதை அவர் உணர்ந்தார். வலிமையுள்ள தசையின் நாணை எடுத்துச் செயலற்ற விரலோடு இணைக்குஞ் சஸ்திர சிகிச்சை இவ்வாறு தோன்றிற்று. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. பிச்சையேற்ற கைகள் தொழில் செய்தன.

அவர் கண்ட இன்னுமோர் உண்மையே நம் பொருளுக்கு மிகவும் உரியது. தொழுநோயினால் தசை தானே அழுகி விரல்கள் உதிர்ந்துபோகின்றன என்று அக்காலத்து வைத்தியரும் எண்ணியிருந்தனர். பிராண்டும் அவருடன் உழைத்தோரும் நோயாளிகளை நாள்தோறும் உற்று நோக்கினர். நரம்புகள் கெட்டு உணர்ச்சி அற்றுப்போனமையால், அவர்கள் கொதிக்குங் கலத்தைக் கையாற் பற்றினர். துருப்பிடித்த பூட்டின் திறவுகோலை விரல் கிழியுமளவுந் திருகினர். உறங்கும்போது எலிகள் விரலைக் கறித்துச் சென்றதையும் அறியாதிருந்தனர். எலிகளினின்று காக்க நோயாளிகளுக்குப் பூனைகள் அளிக்கப்பட்டன என்பது கதையன்று, நிகழ்ந்ததேயாம். வலியின்மையே அவர்களை அழித்தது. வலி எனப்படுவது உடலைக் காக்குங் காவலாளன் என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் அவர் எடுத்துரைத்து வந்தார். அந்நோய் தற்காலத்தில் மருந்துகளால் முற்றும் குணமாகக் கூடியதாயினும், அவர் கண்ட உண்மை மாறவில்லை. வலியற்ற வாழ்வை விரும்பி வேண்டுகின்ற நாம் அனைவரும் சிந்தித்தற்குரியது இது. தனக்கென வலியுணராத உடல் அழிவதுபோலப் பிறர்க்கென வலியுணராத சமூகமும் அழியும்.

எனினும், துன்பமெல்லாம் நன்மைக்கே என்று இதனாற் பெறப்படும் என்பாரை நாம் மறுக்கின்றோம். நெருப்பைத் தொடாதே என்று எச்சரிக்கும் வலி வேறு. எவ்வெச்சரிக்கையுமின்றி ஒருவர் வாழ்வை முறிக்கும் இடர் வேறு. இரண்டாவதற்கு டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் சான்றாவார். கேரளத்தில் 1925ஆம் ஆண்டிற் பிறந்து, வேலூரில் மருத்துவங் கற்ற இவ்விளம் பெண்மணி, 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்பின் கீழ் உணர்ச்சியும் அசைவும் அற்றவரானார். முகத்திலும் ஆறாத வடுக்கள் எய்தின. இதனை நன்மையென்று அவரிடம் கூற எவருக்கு மனந் துணியும்? நாம் துணியோம்.

பிராண்டு அவர்கள் அவர்பாற் சென்று காரணங் கூறவில்லை. ஒரு பணியைக் கூறினார். கையின் சஸ்திர சிகிச்சை அமர்ந்தே செய்யத்தக்கது. ஆகவே சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அம்மையார் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்ப்படுத்தத் தொடங்கினார். தம்மினும் மிகுதியாக முடங்கிய வைத்தியர் ஒருவர் தமக்குச் சிகிச்சை செய்வதைக் கண்ட நோயாளிகள் பெற்ற ஊக்கத்தை எம்மருந்தாலும் அளித்திருத்தல் இயலாது. பின்னர் அயல் நாடுகளுக்குச் சென்று, ஊனமுற்றோரை மீண்டும் வாழ்விற்குத் தகுதியாக்கும் மருத்துவத்தைக் கற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை பூண்டார். தண்டுவடம் சிதைந்தோர் முதலியோர்க்கான புனர்வாழ்வு நிலையம் 1966ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்டது. இந்திய அரசு 1972ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 1986ஆம் ஆண்டில் அவர் காலமாகுமளவும் கால்கள் எழவில்லை. அவர் வேண்டிய முதல் வரம் கிட்டவில்லை. ஆயினும் அவரால் எழுந்து நடந்தோர் பலர். அப்போஸ்தலனாகிய பவுலடிகளும் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்குமாறு மூன்று தரம் வேண்டினாரென்றும், முள் நீங்கவில்லை, கிருபை குறையவில்லை என்றும் நாம் படிக்கின்றோம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். கிறிஸ்தவரல்லாதாரும் பெருந்துன்பங்களை வீரத்துடன் தாங்கியிருக்கின்றனரே, விசுவாசத்தின் தனிச்சிறப்பு என்னை என்று வினவலாம். மெய்யே, தைரியம் எச்சமயத்தார்க்கும் தனியுரிமையன்று. அத்தகையோரைக் கண்டவிடத்து நாம் தலை வணங்குகின்றோம். நம் விசுவாசத்தின் சிறப்பு நம்முடைய வீரத்திலன்று, நாம் வணங்கும் ஆண்டவரின் இயல்பிலுள்ளது. உயிர்த்தெழுந்த பெருமான் தோமாவுக்குக் காட்டிய கைகளில் ஆணித் தழும்புகள் இருந்தன. மகிமையடைந்த உடலிலும் அவ்வடுக்கள் மறைக்கப்படவில்லை. காயத்தை அறியாத தெய்வத்தினிடத்திலன்று, காயப்பட்ட தெய்வத்தினிடத்திலேயே நாம் சேர்கின்றோம்.

வேலூரில் தொழுநோயாளிகளுக்கென நிறுவப்பட்ட நவஜீவ நிலையத்தில், ஒருநாள் கூடியிருந்த நோயாளிகளிடையே பிராண்டு அவர்கள் கிறிஸ்துவின் கைகளைப் பற்றிப் பேசினார். குழந்தையின் கை, தச்சனின் கை, குணமாக்குங் கை, ஆணியறையப்பட்ட கை, தழும்புடன் உயிர்த்தெழுந்த கை என்று விரித்துரைத்தார். அது காறும் தம் குறைந்த விரல்களைத் துணியின்கீழ் மறைத்துக்கொண்டிருந்த அம்மக்கள், கூட்ட முடிவில் எழுந்து, இரு கைகளையும் மறைப்பின்றி உயர்த்திக் குவித்து வணங்கினராம். அவர்தம் விரல்கள் வளர்ந்துவிடவில்லை. நாணம் நீங்கிற்று. இதுவே நாம் கூறும் நம்பிக்கை.

ஆகவே மாணவ நண்பர்களே, துன்புற்ற தோழன் ஒருவன் உங்கள் அறையின் அடுத்த அறையில் இருப்பானாயின், அவனுக்கு உபதேசஞ் செய்ய விரையாதீர். யோபுவின் நண்பர் முதல் ஏழு நாளிற் செய்ததைச் செய்யுங்கள், அருகே அமருங்கள். அவன் தவறவிட்ட பாடங்களை எழுதிக் கொடுங்கள்; உணவை அறைக்குக் கொண்டு செல்லுங்கள்; சம்பளங் கட்ட இயலாதிருப்பின் பிறரறியாது திரட்டிக் கட்டுங்கள். ஆசிரியர்களும் வருகைக் கணக்கில் விடுபட்ட பெயரைக் குறித்துக்கொள்வதோடு அமையாது, அப்பெயருக்குரியவன் எங்குள்ளான் என்று ஒருமுறை தேடுவாராக. பழைய மாணவர்களும், தாம் இங்குத் துயருற்ற நாளில் தம்மைத் தாங்கிய கைகளை நினைந்து, இன்றைய மாணவர்க்குக் கைகொடுப்பாராக.

துன்பத்திலிருக்கும் நண்பரே, உமக்கும் ஒரு சொல். உமது வினாவை ஆண்டவரிடம் அஞ்சாது கேளும், அழவேண்டின் அழும். விடை வருமளவும் காத்திராது, இன்று உமது கைக்கெட்டும் சிறு தொண்டொன்றைச் செய்யும். இருள் முற்றும் நீங்கிய பின்னரே நடப்பேன் என்பவன் நடப்பதில்லை. அடுத்த அடிக்குப் போதுமான வெளிச்சத்தில் நடப்பவனே ஊர் சேர்கின்றான். அவ்வழியில் தழும்புள்ள கையொன்று உம்முடைய கையைப் பற்றியிருக்கின்றது என்பதே நம் விசுவாசம்.