காத்திருக்கும் நாளும் ஆய்வு நாளே

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் அறை எடுத்துத் தங்கி, அருகிலுள்ள ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் வளிமண்டல ஆய்வு செய்யும் ஒரு தமிழ் மாணவியை எண்ணிப் பார்க்கலாம். வரும் ஜனவரியில் அவர் ஹிமாத்ரிக்குச் செல்ல வேண்டும். ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் நீ-ஓலசுண்ட் குடியிருப்பில் 2008 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட இந்திய ஆய்வு நிலையம் அது. அங்கிருந்து வடமுனை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவுதான். ஆய்வுத்திட்டம் ஏற்கப்பட்டுவிட்டது, கருவியும் தயார். எஞ்சியிருப்பது பயண ஏற்பாடு மட்டுமே என்று பலரும் கருதுவர். பிழை அங்கேதான் தொடங்குகிறது. துருவத்துக்கான குளிர்காலப் பயணத்தைத் திட்டமிடுவது வெறும் அலுவலக வேலை அன்று. அது ஆய்வுமுறையின் ஒரு பகுதி. கல்வி நிறுவனங்கள் இதை ஏற்காதவரை, இழப்பைச் சுமப்பவர் ஆய்வு மாணவராகவே இருப்பார்.

குளிர்காலத்தில் ஏன் செல்ல வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வுப் பயணங்கள் 2007இல் தொடங்கின. நெடுங்காலம் அவை பெரும்பாலும் கோடையைச் சார்ந்தே இருந்தன. 2023 டிசம்பர் 18 அன்றுதான் முதல் குளிர்காலக் குழு டில்லியிலிருந்து வழியனுப்பப்பட்டது. கோவாவின் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம், பெங்களூருவின் ராமன் ஆய்வு நிறுவனம், புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், மண்டி ஐஐடி ஆகியவற்றின் ஆய்வாளர்கள் அதில் இடம்பெற்றனர். உலகச் சராசரியைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் ஆர்க்டிக் வெப்பமடைந்து வருகிறது. ஸ்வால்பார்டில் அந்த வெப்பமேற்றம் மிகுதியாக வெளிப்படுவது குளிர்காலத்தில். அக்டோபர் பிற்பகுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் எழாத அந்த மாதங்களை விட்டுவிட்டுக் கோடையை மட்டும் அளப்பவர், நோயாளியின் காய்ச்சல் தணிந்த பின்னரே வெப்பமானியை எடுப்பவரைப் போன்றவர்.

இனி வழியைப் பார்க்கலாம். கொல்கத்தாவிலிருந்து நார்வேக்கு நேரடி விமானம் இல்லை. டில்லி வழியாகவோ, தோஹா அல்லது துபாய் வழியாகவோ ஆஸ்லோவை அடைய வேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் வடக்கே பறந்தால் லாங்யர்பியன். அதற்கு அப்பால் சாலை கிடையாது. நீ-ஓலசுண்ட் இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. பத்துப் பதினைந்து பேரே ஏறக்கூடிய சிறிய விமானம், குளிர்காலத்தில் வழக்கமாக வாரம் இருமுறை, வானிலை இடம்கொடுத்தால் மட்டும் செல்லும். அதில் இருக்கை பெற, குடியிருப்பை நிர்வகிக்கும் நார்வே அரசு நிறுவனமான கிங்ஸ் பே வழியாகவே பதிவுசெய்ய வேண்டும். இந்தச் சங்கிலியில் தாமதங்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன. முதல் கண்ணியில் தவறிய இரண்டு மணி நேரம், கடைசிக் கண்ணியில் மூன்று நான்கு நாட்களாகிவிடும்.

அந்த முதல் கண்ணி அறுவது பெரும்பாலும் ஆர்க்டிக் புயலால் அன்று. ஜனவரிக் காலையில் டில்லியைப் போர்த்தும் மூடுபனியே போதும். சில நாட்களில் டம்டம் விமான நிலையமும் அதற்குத் தப்புவதில்லை. எனவே ஒரு நாள் முன்னதாகவே டில்லியை அடைவது அல்லது டில்லியைத் தவிர்த்து வளைகுடா வழியாகச் செல்வது அறிவுடைமை. பயணத்தைத் தனித்தனிச் சீட்டுகளாக வாங்கினால் செலவு குறையலாம். ஆனால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது விமான நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே பதிவில் அடங்கிய பயணமென்றால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் கடமை நிறுவனத்தைச் சாரும்.

நுழைவிசைவில் இன்னொரு நுட்பம் உண்டு. ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆயினும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆஸ்லோவில் இறங்கும்போது ஒரு நுழைவு கழிந்துவிடும். லாங்யர்பியனுக்குப் புறப்படுவது ஷெங்கனை விட்டு வெளியேறுவதாகும். திரும்பி வர மீண்டும் ஒரு நுழைவு தேவை. ஒருமுறை நுழைவிசைவுடன் சென்றவருக்கு வீடு திரும்பும் வழி அடைபட்டுவிடும். மேலும், நுண்ணிய வானொலி அளவீடுகளுக்காக நீ-ஓலசுண்டில் வைஃபையும் புளூடூத்தும் தடைசெய்யப்பட்டுள்ளன. கைப்பேசியை மட்டும் நம்பிச் செல்லாமல், சீட்டுகளையும் கடிதங்களையும் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோவதே முறை.

இத்தனை முன்னெச்சரிக்கைக்கும் நாட்களும் பணமும் வேண்டும். அரசுச் செலவில் பறப்போர் குறைந்த கட்டணச் சீட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2022இல் மத்திய நிதி அமைச்சகம் அறிவுறுத்தியது. கொல்கத்தாவிலிருந்து டில்லிக்கு ஒரு கூட்டத்துக்குச் சென்று வருபவருக்கு அது பொருத்தமான விதி. நான்கு விமானங்கள் கொண்ட துருவப் பயணத்தில், குறைந்த கட்டணமே இறுதியில் மிகுந்த செலவாக முடியக்கூடும். இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். விமானத்தைத் தவறவிட்டு ஆஸ்லோவில் இரண்டு இரவு தங்கிப் புதுச் சீட்டு வாங்கும் நிலை வந்தால், அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பணத்தை முதலில் கைவிட்டுப் போட்டுப் பின்னர் பெற்றுக்கொள்ளுமாறு சொல்வது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே துருவ ஆய்வுக்கு வரலாம் என்று சொல்லாமல் சொல்வதாகும்.

பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்ற தணிக்கையாளரின் வாதம் மறுக்கத்தக்கதன்று. தானியங்கிக் கருவிகள் இருக்க மனிதர் எதற்கு என்ற வினாவுக்கும் இடமுண்டு. ஆயினும் கருவியின் மேல் உறைந்த பனியைத் துடைக்கவும், பழுதான பகுதியை மாற்றவும், ஐயத்துக்குரிய அளவீட்டை அங்கேயே சரிபார்க்கவும் ஒரு கை தேவைப்படுகிறது. அந்தக் கை உரிய நாளில் போய்ச் சேராவிட்டால், கருவிக்குச் செலவிட்ட பணமும் வீண்தான். முன்னேற்பாட்டுக்கு ஒதுக்கும் தொகை ஆடம்பரம் அன்று. செய்துவிட்ட முதலீட்டுக்கான காப்பு.

ஆகவே மூன்று மாற்றங்கள் தேவை. ஆய்வுத்திட்டத்திலேயே காத்திருப்பு நாட்களைக் குறிப்பிட்டு, அவற்றுக்கான தங்கும் செலவையும் சேர்த்து ஒப்புதல் அளிக்க வேண்டும். பயணத்தொகையை மாணவருக்கு முன்பணமாகத் தர வேண்டும். சென்று திரும்பிய ஒவ்வொருவரும் வழியில் நேர்ந்த தாமதங்களையும் அவற்றுக்கான காரணங்களையும் ஆய்வறிக்கையோடு பதிவுசெய்ய வேண்டும். இன்று அந்த அறிவு தனிமனிதரின் நினைவில் தங்கி, அவர் துறையை விட்டு நீங்கும்போது அவரோடு போய்விடுகிறது.

லேக் கார்டன்ஸ் அறையில் அந்த மாணவி நாட்காட்டியைப் பார்த்துத் தாளில் போடும் கணக்கில், எந்தக் கிழமை சிறிய விமானம், அதற்கு எத்தனை நாள் முன்னதாக லாங்யர்பியன், எந்த நாளில் டம்டம் என்பவையெல்லாம் பின்னிருந்து முன்னாக எழுதப்பட்டிருக்கும். திட்டத்தை மதிப்பிடும் குழு அந்தத் தாளையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.