வால் போன இடத்தில் கால்: முகப்பரு மாத்திரையில் ஏன் அந்த எச்சரிக்கை?

முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைக் கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது. ஏன் இவ்வளவு கண்டிப்பு? தவளைகள் பதில் சொல்கின்றன.

1992-ல் புவனேஸ்வர் உத்கல் பல்கலைக்கழகத்தின் பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாடி குழு, ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. வால் வெட்டப்பட்ட தலைப்பிரட்டைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்தால், வால் முளைக்க வேண்டிய இடத்தில் கால்கள் முளைத்தன!

எப்படி?

வைட்டமின் ஏ, செல்லுக்குள் ரெட்டினாயிக் அமிலமாகிறது. அதற்கான ரிசெப்டார் டிஎன்ஏ மேலேயே உட்கார்ந்திருக்கும். அமிலம் வராதவரை, கூட இருக்கும் தடுப்புப் புரதம் மரபணுவைப் பூட்டி வைக்கும். அமிலம் ஒட்டியதும் அது விலகி, தூண்டும் புரதம் வந்து மரபணுவை ஆன் பண்ணும். இந்த இரண்டு புரதங்களும்தான் கோஃபாக்டர்கள்.

பூட்டும் முக்கியமா?

ரொம்பவே. ஆப்பிரிக்க நகத் தவளைக் கருவில் தலை உருவாக, அங்கே இந்தப் பூட்டு மூடியே இருக்க வேண்டும். அமிலம் அதிகமானால் தலை சரியாக வளராது.

நமக்கு என்ன?

மனிதக் கருவிலும் இதே ரிசெப்டார்கள்தான். ஐசோட்ரெட்டினாயினும் ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வடிவமே. கர்ப்பம்னு தெரியும் முன்பே, முதல் வாரங்களிலேயே அது கருவின் மூளை, இதயம், காதுகளைப் பாதிக்கலாம்.

அதனால் வேலப்பன்சாவடியோ ஆவடியோ, தோழி சொன்னாங்கன்னு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காதீங்க. தோல் டாக்டரைப் பாருங்க. மாத்திரை எடுக்கும் பெண்கள், நிறுத்திய பிறகும் ஒரு மாதம் கர்ப்பத்தைத் தவிர்க்கணும்.

கேரட், கீரைக்குப் பயம் வேண்டாம். அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை உடல் தேவைக்கேற்பவே வைட்டமின் ஏ-வாக மாற்றுகிறது.