மேச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு ஜீரோ டர்ன்

மேட்டூர்ப் பக்கம் அஞ்சு ஏக்கர் காடு வாங்கின ஐ.டி. நண்பர்கள் அடுத்துத் தேடுவது ஜீரோ டர்ன் மோவர். மெஷினில் குறை இல்லை. பின் சக்கரங்கள் தனித்தனியாக ஓடும். ஒன்று முன்னும் மற்றது பின்னும் சுழன்றால் நின்ற இடத்திலேயே திரும்பும். அழகான இன்ஜினியரிங்தான். ஆனால் அது சமதரைப் புல்வெளிக்குச் செய்தது. இங்கே சரிவு, செம்மண்ணில் துருத்தும் கல், தென்னைக்குத் தென்னை சொட்டுநீர்க் குழாய். இறக்கத்தில் பின் சக்கரம் பிடி விட்டால் ஸ்டீயரிங், பிரேக் இரண்டும் சேர்ந்தே போச்சு.

ஏக்கருக்கு எத்தனை நிமிஷம் என்று ரிவ்யூ பார்க்கிறார்கள். இங்கே புல் பச்சையாக இருப்பதே மழையை ஒட்டிய சில மாதம். மீதி நாள் மெஷினுக்கு வேலை கொடுக்க போர்த் தண்ணி விட்டுப் புல் வளர்க்கணும். அணை 120 அடியைத் தொடுமா என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில்!

பக்கத்தில் மேச்சேரி. அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு செம்மறி இனம் இருக்கு. பொட்டனேரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம். வெயில் தாங்கும், கல்லிடுக்கிலும் மேயும், புழுக்கையை உங்கள் மண்ணுக்கே விட்டுப்போகும். கன்றைக் கடிக்குமே? கடிக்கும். சுற்றி முள் கட்டுங்கள். வேலியோரத்துக்கு ஒரு பிரஷ் கட்டர் போதும்.

நாம் செய்வது என்ன? முதலில் கம்பிவேலி போட்டு மேய்க்கிறவரை வெளியே நிறுத்துகிறோம். பிறகு அவர் ஆடு சும்மா செய்துகொண்டிருந்த வேலைக்கு லட்சக்கணக்கில் மெஷின் வாங்குகிறோம். டெமோவுக்கு ஆள் வரச்சொல்லும் முன் அவரைக் கூப்பிட்டு, மழைக்கப்புறம் பட்டியை இங்கே போடுவீங்களா என்று கேளுங்களேன்.