பிடி ஆடும் கத்தி



துல்ஹஜ் பிறை கண்டுவிட்டால் நம் வீடுகளில் பெரிய கத்தி பரணில் இருந்து கீழே இறங்கிவிடும். அதைத் தீட்டுவோம், நகத்தில் வைத்துக் கூர் பார்ப்போம். ஆனால், பிடியை ஆட்டிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வெடித்திருந்த பிடியைச் சீலைத் துண்டால் சுற்றிக் கட்டியே உழ்ஹிய்யாவுக்கு எடுத்தோம். முதல் ஆட்டை அறுத்ததும் சீலை இரத்தத்தில் ஊறிவிட்டது. இரண்டாவது ஆட்டைப் படுத்திக் கத்தியை நெருக்கும் வேளையில் பிடி கைக்குள் சுழன்றது. சாச்சாவின் சுட்டுவிரலில் ஆறு தையல். வேறு கத்தி வரும்வரை அந்த வாயில்லா ஜீவன் கால்கட்டோடு மிரண்டு கிடந்தது. தையல் ஆறிவிட்டது, அந்தப் பார்வைதான் இன்னும் மறக்கவில்லை.

அறுக்கும்போதும் அழகிய முறையில் அறுக்க வேண்டும், கத்தியைக் கூராக்கிப் பிராணிக்கு இலகு செய்ய வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்ததை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. அலகு எவ்வளவு கூராக இருந்தாலும், பிடி ஆடினால் அந்தக் கூர் எங்கே போய் நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

பிடி மாற்றுவது கஷ்டமான வேலையல்ல. முதலில் அலகைத் தடித்த சாக்கினால் நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள். பழைய மரத்தைப் பிளந்து எடுத்து, பிடிக்குள் இருந்த இரும்பு வாலின் துருவைச் சுரண்டுங்கள். துரு அந்த வாலைப் பாதியாகத் தின்றிருந்தால் புதுப்பிடி போடுவதில் பயனில்லை, கத்தியையே மாற்றிவிடுங்கள்.

கொய்யா, புளி போன்ற வைரமான மரம் நல்லது. அது நிழலில் மாதக்கணக்கில் காய்ந்ததாக இருக்கட்டும். பச்சை மரம் பின்னர் சுருங்கி மீண்டும் ஆடும். மரத்தின் இழை பிடியின் நீளப்பாட்டுக்கு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பிளந்துவிடும். நீளம் உள்ளங்கை அகலத்தைவிட ஓரங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். உருண்டையாகக் கடையாமல் முட்டை வடிவில் செதுக்குங்கள். கத்தியின் வாய் எந்தப் பக்கம் என்பதைக் கண்ணால் பாராமலே கை அறியும். முன்புறம் சற்றுப் புடைப்பாக விட்டால் விரல் அலகின் மேல் சறுக்காது.

வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்தில் இறக்கும் வழக்கம் கம்மாலைகளில் உண்டு. அப்படிச் செய்தால் அலகை ஈரத்துணியால் சுற்றி வையுங்கள். சூடேறும் உருக்கு சுமார் 220 பாகை செல்சியஸில் வைக்கோல் நிறமாகும், 300 பாகையளவில் நீலமாகும். வாய்ப்பக்கம் நீலம் பாய்ந்தால் அலகு மெதுமையாகிவிடும். பிறகு கூர் நிற்காது. பயமாக இருந்தால் துளையிட்டு, இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எபொக்சிப் பசையால் ஒட்டுங்கள். முழுமையாக இறுக ஒரு நாள் விடுங்கள். மரத்தின் வாயில் பித்தளைப் பூண் போட்டால் வெடிக்காது. இடைவெளி எதையும் விடாதீர்கள். இரத்தமும் கொழுப்பும் புகுந்து கிருமி வளரும் இடம் அதுவே.

இறுதியாக ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். தேங்காயெண்ணெய் உலராது, நாளடைவில் சிக்கு வாடை வீசும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயவையுங்கள்.

இவற்றையெல்லாம் பெருநாளுக்கு முதல் நாள் இரவுக்கென்று ஒதுக்காமல், ஒரு கிழமை முந்தியே முடித்துவிடுங்கள். புதுப்பிடி போட்ட கத்தியால் முதலில் ஒரு பூசணிக்காயை வெட்டிப் பாருங்கள். அசையாவிட்டால் தீட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பிராணியின் கண்முன் தீட்டுவதைத் தவிர்க்க இதுவும் ஒரு வழியல்லவா?

நமது வணக்கங்களை அழகுற நிறைவேற்ற வல்ல நாயன் அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.