நாலு ஓட்டைச் சீட்டும் ஒளித்து வைக்காத வித்தையும்

இரும்புத் தொப்பி மாட்டிக்கொண்டு பிரம்பு வாளால் அடித்துக்கொள்ளும் கூட்டம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்' என்று வாயில் நுழையாத பெயர். 1966-ல் அமெரிக்காவின் பெர்க்லியில், பின்னாளில் நாவலாசிரியரான டயானா பாக்ஸனின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் விளையாட்டாக ஆரம்பித்தது. 17-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய வாழ்க்கையை, பெரும்பாலும் ஐரோப்பிய வாழ்க்கையை, மறுபடி செய்து பார்ப்பது இவர்கள் வேலை. பென்சில்வேனியாவில் இவர்கள் கோடையில் நடத்தும் 'பென்சிக்' போருக்கு (1972-ல் தொடங்கியது) சுமார் 10,000 பேர் வந்து கூடாரம் அடிக்கிறார்கள்.

போரை விடுங்கள். அந்தக் கூடாரங்களுக்குள் நடக்கும் வகுப்புகள்தான் விஷயம். சாயம் காய்ச்சுவது, இறகுப் பேனா சீவுவது, செருப்புத் தைப்பது என்று நூற்றுக்கணக்கில். சொல்லித்தருபவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

சீட்டு நெசவை எடுத்துக்கொள்வோம். சதுரச் சீட்டின் நாலு மூலையிலும் ஓட்டை, ஓட்டைக்கு ஒரு பாவு நூல். சீட்டுகளைக் கால் சுற்று திருப்பினால் நூல்களுக்கு நடுவே வழி திறக்கும். ஊடு நூலை விட்டு இறுக்க வேண்டியதுதான். நார்வேயில் 1904-ல் தோண்டியெடுத்த ஓசபெர்க் கப்பலில், பாதி நெய்த பட்டையோடு 52 சீட்டுகள் கிடைத்தன. அந்தக் கப்பலைப் புதைத்தது 834-ல்! நெய்தவள் கைப்பழக்கம் மட்டும் கிடைக்கவில்லை. அதை யாராவது உட்கார்ந்து செய்து பார்த்துத்தான் மீட்க வேண்டும்.

விடுதி அறையில் பழைய ரம்மிக் கட்டை நாசம் செய்து நானும் முயன்றேன். ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனதில் பின்பக்கம் நூல் முறுக்கேறி, கடைசியில் சீட்டு நகரவே இல்லை. எதிர்ப்பக்கம் திருப்பினால் முறுக்கு அவிழும், ஆனால் கோலமும் திசை மாறும். பழைய பட்டைகள் சிலவற்றில் இப்படித் திசை மாறிய இடங்கள் தெரியும். அழகுக்காக என்று நினைத்திருந்தேன். முறுக்கை அவிழ்க்கவும் இருக்கலாம் என்பது சிக்கிக்கொண்ட பிறகுதான் உறைத்தது.

இவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. போட்டிக்கு வைக்கும் பொருளோடு, எந்தச் சான்றைப் பார்த்துச் செய்தோம், எங்கே மாற்றினோம், ஏன் என்றெல்லாம் எழுதி வைக்க வேண்டும். அருமையான வழக்கம். ஆனால் அதையே தடியாகப் பிடித்துக்கொண்டு, புதிதாக வந்தவர் சட்டையில் மெஷின் தையல் இருக்கிறதா என்று துழாவும் ஆட்களும் இருக்கிறார்கள். 'அசல் போலீஸ்' என்று கிண்டல் செய்வார்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை வரமாட்டார், அல்லது தப்பை மறைக்கக் கற்றுக்கொள்வார். இரண்டாவதுதான் ஆபத்து.

12-ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி ஓவியம், கண்ணாடி, உலோக வேலைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கற்றதைப் புதைத்து வைக்கக்கூடாது என்பது அவர் கட்சி. அதே நூலில், இரும்புக் கருவியைக் கெட்டிப்படுத்தச் செம்பட்டை முடிச் சிறுவனின் மூத்திரத்தில் தோய்க்கலாம் என்றும் இருக்கிறது! :-) உப்புக் கரைசல் வெறும் தண்ணீரைவிட வேகமாக இரும்பைக் குளிர்விக்கும் என்பதால் பாதி சரி. முடியின் நிறத்துக்கு வேலை இல்லை. மனிதர் தனக்குத் தெரிந்த அத்தனையையும் கொட்டி வைத்ததால்தான் இன்று நாம் பிரித்துப் பார்க்க முடிகிறது.

இந்தச் சங்கத்தில் கலைக்குத் தரும் உயர்ந்த விருது 'லாரல்'. கைத்திறன் மட்டும் போதாது, பிறருக்குக் கற்றுத்தந்தும் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. என்னைக் கேட்டால் இன்னொன்றும் சேர்ப்பேன்: போட்டி மேசையில் கெட்டுப்போன முதல் மூன்று துண்டுகளையும் பக்கத்தில் வைக்க வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. யாரோ ஒருவர் தன் முறுக்கிப்போன பாவைப் படம் எடுத்துப் போட்டிருந்ததால்தான் என் ரம்மிக் கட்டு பிழைத்தது. அவருடைய அழகான பட்டை எப்படியிருந்தது என்பது நினைவில் இல்லை.