எந்த ஆரணி என்று கேட்டீர்களா?



'ஆரணிக்குள் வடநாட்டுக் கும்பல் நுழைந்துவிட்டது, உடனே பகிரவும்' என்று இன்றிரவு உங்கள் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆரணி? பட்டுச் சேலைக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியா? பெரியபாளையத்துக்குப் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கும் நம் ஆரணியா? செய்தியில் இருக்காது. எப்போது நடந்தது? இருக்காது. யார் பார்த்தது? அதுவும் இருக்காது. ஆனால் பொழுது விடிவதற்குள் நம்மவர் குழுக்கள் அத்தனையிலும் அந்தச் செய்தி இருக்கும்!

மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். 2018 மே 9ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அந்த ஆரணிக்கு அருகே, போளூர் பக்கம் அத்திமூரில், கோயிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். இந்த ஆரணிக்கு அருகே, நம் பழவேற்காட்டில், அதே நாள் இரவு, யாரென்றே தெரியாத ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அடித்தவர்கள் தொழில்முறைக் கொலைகாரர்களா? இல்லை. நேற்றுவரை நம்மைப் போல் கடைவீதிக்கு வந்து போனவர்கள். கையில் செல்போன் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு நாடு முழுவதும் சுற்றிய படம் ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்லும் படம். அது கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம்! குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை எவனோ வெட்டி எறிந்துவிட்டான். வெட்டியவன் ஒருவன். பரப்பியவர்கள் எத்தனை லட்சம்?

'மெய்நிகர் உலகம்' என்று இப்போது பெரிதாகப் பேசுகிறார்கள். பேஸ்புக் நிறுவனம் 2021 அக்டோபரில் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றில் நடந்த திருமணத்தின் வரவேற்பைக் கணினி உலகத்திலேயே நடத்தி, காலமாகிவிட்ட மணமகளின் தந்தையையும் உருவமாக அங்கே நிறுத்தினார்கள். (விருந்துச் சாப்பாடு மட்டும் இன்னும் அந்த உலகத்தில் கிடைக்கவில்லை!) இதெல்லாம் பணக்காரர் வேடிக்கை, நமக்கென்ன என்கிறீர்களா? உங்கள் சட்டைப்பையில் இருக்கும் வாட்ஸ்அப் குழுவும் அப்படி ஓர் உலகம்தான். அதற்கும் தெரு உண்டு, திண்ணை உண்டு, கூட்டம் உண்டு. அங்கே கூடிய கூட்டம்தான் பழவேற்காட்டுப் பாலத்துக்கு இறங்கி வந்தது.

2023 மார்ச்சில் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளை வெட்டுகிறார்கள் என்று படங்கள் பரவின. ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரு தரப்பாக மோதியது என்று நம் காவல்துறை விளக்க வேண்டியதாயிற்று. பீகார் அரசின் அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் அந்தப் பையன்கள் பயந்து ரயிலேறினால் யாருக்கு நஷ்டம்? ஆலைக்கு மட்டுமா? அரிசி, பருப்பு, ரீசார்ஜ் என்று அவர்களை நம்பிக் கடை வைத்திருப்பவர்கள் யார்? கல்லாவைத் திறந்து பாருங்கள், தெரியும்.

வதந்தியின் அடி எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2020இல் கொரோனாவையே நம் தலையில் கட்டினார்கள். வெளிநாட்டு தப்லீக் ஜமாஅத்தினரைப் பலிகடா ஆக்கினார்கள் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு அந்த ஆகஸ்டில் சொன்னது. அதற்குள் எத்தனை தள்ளுவண்டி வியாபாரிகள் விரட்டப்பட்டார்கள்! 2022 ஜனவரி முதல் தேதி, நம் சகோதரிகளின் படங்களைப் போட்டு ஏலம் என்று ஒரு செயலியில் இழிவுபடுத்தினார்கள். அந்தப் பெண்கள் ஓடி ஒளியவில்லை. புகார் கொடுத்தார்கள். அதே மாதம் கைதுகள் நடந்தன. பிடிபட்டவர்கள் படித்த இளைஞர்கள்.

'அதனால்தான் குழுவை விட்டே வெளியேறிவிட்டேன்' என்கிறார்கள் சிலர். நீங்கள் எழுந்து போனால் அந்த நாற்காலி காலியாக இருக்குமா? பொய் சொல்கிறவன் வந்து உட்காருவான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் யார் வீட்டு மாடியில் யார் தவிக்கிறார்கள், எங்கே படகு வேண்டும், எந்தப் பள்ளிவாசலில் சோறும் இடமும் இருக்கிறது என்று சொன்னதும் இதே கைப்பேசிக் குழுக்கள்தாம். இடம் கெட்டதல்ல. பொறுப்பான ஆள் அங்கே உட்காராததுதான் கோளாறு.

வணிகப் பெருமக்களே, பில் இல்லாமல், அனுப்பியவர் பெயர் இல்லாமல் ஒரு மூட்டை கடை வாசலில் இறங்கினால் பிரித்து விற்பீர்களா? செய்தியை மட்டும் ஏன் விற்கிறீர்கள்? செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்த சரக்கு என்று பொருள். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு முறைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று அந்த நிறுவனமே பூட்டுப் போட்டிருக்கிறது. நிர்வாகி என்ற ஒரே காரணத்துக்காக மற்றவர் பதிவுக்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது உண்மை. ஆனால் பொய்யைப் பரப்பிக் கலகம் மூட்டுகிறவர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவு பாயும். சட்டம் கிடக்கட்டும். 'பாய் போட்டிருந்தார், சரியாத்தான் இருக்கும்' என்று நம்பிய வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

இளைஞர்களே, பொய் என்று தெரிந்தால் அதே குழுவில், உங்கள் சொந்தப் பெயரில், 'இது பொய்' என்று எழுதுங்கள். தனியே அழைத்துக் காதில் சொல்வது போதாது. நூறு பேர் முன்னால் சொன்னதை நூறு பேர் முன்னால்தான் மறுக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் ஆந்திராவின் பிச்சாட்டூர் அணை நிரம்பினால் உபரி நீர் நம் ஆற்றில்தான் வரும். எத்தனை கன அடி, எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று அதிகாரிகள் அறிவிப்பதை அறிவித்தபடியே போடும் குழு ஒன்று அடுத்த மழைக்குள் நம் கடைத்தெருவில் வேண்டும். பெயர் தெரிந்த நாலு பேர் பொறுப்பேற்கட்டும். இந்தி தெரிந்த தம்பி ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாழ்வான இடத்தில் வாடகைக்குத் தங்கியிருக்கும் அந்தத் தொழிலாளிக்கும் செய்தி அவன் மொழியில், தண்ணீர் வருவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.